மிளகு செத்த பிறகும் பிழைத்த ஊர்: தொமெ-அசுவில் பத்து மாதம்

பிரேசிலில் மிளகுக்கு 'பிமென்ட்டா து ஹெய்னு' என்று பேர். ராஜ்ஜியத்து மிளகு என்று அர்த்தம். போர்ச்சுகல் ராஜ்ஜியத்திலிருந்து கப்பலில் வந்திறங்கியதால் அப்படி ஒரு பெயர். அந்த ராஜ்ஜியத்துக்கு அது மலபார்க் கரையிலிருந்து போனது என்பது அங்கே பலருக்கும் தெரியாது. கீழ்ப்பழனி மலையில், காப்பிக்கும் சில்வர் ஓக்குக்கும் நடுவே மிளகுக் கொடி பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு வாசனைப்பொருள் ஏற்றுமதி நிறுவனத்துக்காகச் சரக்கின் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் பாரா மாநிலத்தில் இருக்கும் தொமெ-அசு என்ற ஊருக்குப் போனேன். ஆகஸ்டில் போய் அடுத்த மே மாதம் திரும்பினேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்து, விவசாயம் படித்து எனக்குத் தெரிந்திருந்ததை விட அதிகமாக அந்தப் பத்து மாதத்தில் கற்றேன். மலைத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அமேசானின் முகத்துவாரப் பக்கம் இருக்கும் பெரிய நகரம் பெலெம். அங்கிருந்து தெற்கே சாலை வழியாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குச் சுமார் இரண்டரை டிகிரி தெற்கு. நான் போன வழியில் புஜாரு என்ற இடத்தில் குவாமா ஆற்றை மிதவையில் கடக்க வேண்டியிருந்தது. லாரி, பஸ், மோட்டார் சைக்கிள், கோழிக்கூடை எல்லாம் ஒரே தட்டில் ஏறும். ஆற்றின் அகலத்தைப் பார்த்தால் ஏரி என்றே தோன்றும். டிசம்பரிலிருந்து மே வரை மழை கொட்டும்; ஜூலைக்கு மேல் நவம்பர் வரை குறையும், ஆனால் அடியோடு நிற்காது. வெயிலில் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. மண் மஞ்சளாக, புளிப்பு கூடியதாக இருக்கும். காட்டின் உயரத்தைப் பார்த்து 'இது பொன் விளையும் பூமி' என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அங்கே சத்து மண்ணில் இல்லை, மரத்திலும் உதிர்ந்த இலையிலும்தான் இருக்கிறது. காட்டை வெட்டி எரித்தால் சாம்பலின் தயவில் இரண்டு மூன்று வெள்ளாமை வரும், அப்புறம் வராது.

ஊருக்கு இரண்டு முகம். ஆற்றங்கரையில் இருப்பது பழைய தொமெ-அசு: படகுத்துறை, நகராட்சி, தேவாலயம். அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சாலைகள் சந்திக்கும் இடத்தில் இருப்பது குவாத்ரு போகஸ். நேராகச் சொன்னால் 'நாலு வாய்'. நம்மூர்ப் பேச்சில் நாலுமுக்கு. வியாபாரம் முழுக்க அங்கேதான். உரக்கடை, டிராக்டர் பட்டறை, மிளகு வாங்கும் கிடங்கு, கூட்டுறவுச் சங்கம் எல்லாம் அந்த முக்கைச் சுற்றி. பயிர் ஆற்றில் போன காலத்தில் ஆற்றங்கரை பெரிய ஊராக இருந்தது. சாலை வந்தபின் பணம் நாலுமுக்குக்குக் குடிபெயர்ந்தது. புதிதாக ஓர் ஊரைப் படிக்கப் போகிறவர் முதலில் எங்கே லாரி நிற்கிறது என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

2022 கணக்கெடுப்பில் அந்த நகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை சுமார் 67 ஆயிரம். பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஆற்றோரக் குடிகள், வடகிழக்குப் பிரேசிலிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களின் வழிவந்த கிலோம்போலா மக்கள், தெம்பே பழங்குடியினர் எல்லோரும் இருக்கிறார்கள். கூடவே, தலைமுறை தலைமுறையாக வாழும் ஜப்பானியக் குடும்பங்கள். அமேசானுக்குள் ஜப்பானியர் எப்படி என்று எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது.

1929 செப்டம்பரில் முதல் கூட்டம் வந்திறங்கியது: 43 குடும்பங்கள், 189 பேர். கோகோ வைத்துப் பணக்காரர் ஆகலாம் என்று சொல்லி அழைத்துவந்திருந்தார்கள். கோகோ தேறவில்லை. நெல்லும் காய்கறியும் போட்டார்கள். விளைந்ததை பெலெம் வரை கொண்டுபோய் விற்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மலேரியா பல உயிர்களை வாங்கியது. பெரும்பாலான குடும்பங்கள் ஊரை விட்டே போய்விட்டன. 1933இல் இன்னொரு கப்பல் ஜப்பானிலிருந்து வரும் வழியில் சிங்கப்பூரில் நின்றது. அதிலிருந்த மக்கினோசுகே உசுயி என்பவர் அங்கே 20 மிளகு நாற்றுகளை வாங்கி ஏற்றிக்கொண்டார். தொமெ-அசுவில் பிழைத்தவை கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தச் சில கொடிகளிலிருந்து வெட்டி வெட்டிப் பதியன் போட்டுத்தான் ஊர் முழுக்க மிளகு பரவியது. அந்த ரகத்துக்கு இன்றும் அங்கே 'சிங்கப்பூர்' என்றே பேர்.

இந்தக் கதையை முதலில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் 1876இல் ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கப்பலேற்றியது இதே பாரா மாநிலத்தின் தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து. அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அந்த மரத்தை நட்டு மலாயாவில் உருவான பால்மரக் காட்டுக்குத்தான் என் பூட்டன் கப்பலேறினார். நம் மலைக்கொடி சிங்கப்பூர் வழியாக அவர்களிடம் போனது; அவர்கள் காட்டு மரம் சிங்கப்பூர் வழியாக வந்து நம் ஆட்களைக் கூட்டிப்போனது. ஆசிய ரப்பர் பெருகியதும் அமேசானின் ரப்பர் வியாபாரம் படுத்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்கு ஆசியாவின் மிளகுத் தோட்டங்கள் அழிந்ததும் தொமெ-அசு எழுந்தது. ஒரு ஊரின் வாழ்வும் தாழ்வும் அது பார்த்தேயிராத இன்னொரு ஊரின் கையில் இருக்கிறது.

1950களில் அங்கே மிளகுக்குக் 'கறுப்பு வைரம்' என்று பேர். காட்டை வெட்டி, வெட்டவெளியில், வரிசை வரிசையாகக் கம்பம் நட்டு மிளகு மட்டுமே வைத்தார்கள். கொடி ஒன்றுக்கு வைரம் பாய்ந்த மரக்கம்பம் ஒன்று. இரண்டரை மீட்டர் இடைவெளி என்றால் ஹெக்டேருக்கு 1,600 கம்பம், அத்தனையும் காட்டிலிருந்து. அந்தப் பணத்தில் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. 1950களின் கடைசியில் ஃபியுசேரியம் என்ற பூஞ்சை வந்தது. வேர் அழுகும், இலை மஞ்சளாகும், கொடி கணுக்கணுவாக உதிரும். அடுத்த இருபது ஆண்டில் தோட்டம் தோட்டமாகப் போயிற்று. எங்கள் பக்கத்தில் விருப்பாச்சி வாழையை முடிக்கொத்து நோய் அழித்ததை என் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது அப்பா முகம் எப்படி இருக்குமோ, அப்படியே இருந்தது அங்கே நான் பார்த்த பெரியவரின் முகமும்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கேயே பிறந்த ஜப்பானியர், வயது எண்பதுக்கு மேல். நான் தங்கியிருந்த அறை அவர் வீட்டின் பின்கட்டு. அவருடைய தோட்டத்துக்குள் முதல் முறை போனபோது, தோட்டம் எங்கே முடிந்து காடு எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மேலே பிரேசில் நட் மரமும் மகோகனியும். அதற்குக் கீழே அசாயி என்ற பழம் தரும் பனைவகை மரம், பாக்குமரம் போல ஒல்லியாக நெளிந்து நின்றது. அதற்கும் கீழே கோகோவும், அதன் உறவான குப்புவசு என்ற பழமரமும். ஓரத்தில் வெயில் விழும் இடத்தில் மிளகு. காலடியில் கணுக்கால் மூழ்கும் அளவு சருகு.

"இதில் எது முக்கியமான பயிர்?" என்று கேட்டேன்.

"எந்த வருஷத்தைக் கேட்கிறாய், தம்பி?" என்றார்.

அந்தக் கேள்விதான் எனக்கு முதல் பாடம். நிலத்தை இடத்தால் பிரித்துப் பார்த்தே எனக்குப் பழக்கம்: இங்கே காப்பி, அங்கே மிளகு, வேலியோரம் பலா. அவர் காலத்தால் பிரித்திருந்தார். முதல் வருஷம் நெல், பயறு, மரவள்ளி. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஆகும். கூடவே மிளகு நட்டால் மூன்றாம் வருஷத்திலிருந்து காசு. ஆறு, ஏழு வருஷத்தில் நோய் வந்து மிளகு போகும் என்று தெரிந்தேதான் நடுகிறார்கள். மிளகு நிற்கும்போதே நடுவில் வாழை நிழலில் கோகோக் கன்று வைத்துவிடுவார்கள். மிளகு செத்த கம்பத்தில் பாஷன் ஃப்ரூட் ஏறும். மிளகுக்குப் போட்ட உரத்தின் மிச்சத்தைக் கோகோ தின்று வளரும். எட்டாம் வருஷம் கோகோவும் குப்புவசுவும் அசாயியும் வீட்டைத் தாங்கும். மகோகனி பேரப்பிள்ளைகளுக்கு. நோயை ஒழிக்க முடியாது என்று ஒப்புக்கொண்டு, நோய்க்கும் ஒரு தேதி குறித்து வைத்திருக்கிறார்கள்.

இது ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த யோசனை இல்லை. மிளகு செத்துக்கொண்டிருந்த காலத்தில், நொபோரு சககுச்சி போன்ற கூட்டுறவுக்காரர்கள் ஆற்றங்கரையில் குடிசை போட்டு வாழும் மக்களின் கொல்லைகளைப் போய்ப் பார்த்தார்கள். கையில் காசில்லை, ஆனால் பசியும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பத்துப் பதினைந்து வகை மரம். அதைப் பார்த்துத் தங்கள் தோட்டத்துக்கு ஏற்றபடி ஒழுங்குபடுத்தியதுதான் இன்று 'தொமெ-அசு வேளாண்காட்டு முறை' என்று உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. யாரையும் ஏழை என்று ஒதுக்காமல் அவர் கொல்லையில் போய் நின்று கேட்டார்களே, அந்தக் குணத்துக்காகவே அந்த ஊரை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனால் நம் ஊரில் கலப்புப் பயிர் பற்றிப் பேசுகிறவர்கள் விட்டுவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. பத்து வகை மரம் வைப்பது சுலபம். பத்து வகைப் பழத்தையும் விற்பதுதான் பாடு. அசாயியைப் பறித்தால் ஒரு நாளுக்குள் கூழாக்க வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். குப்புவசு மழைக்காலத்தில் தானாக உதிரும். அந்தச் சாலையில் பெலெம் போய்ச் சேர்வதற்குள் பாதி நசுங்கிவிடும். தொமெ-அசுவில் இதைத் தீர்த்தது 1949இல் தொடங்கிய காம்தா என்ற கூட்டுறவுச் சங்கமும், 1980களில் அது கட்டிய பழக்கூழ் ஆலையும். பழத்தை வாங்கி, கூழாக்கி, உறையவைத்து, பெலெமுக்கும் தெற்கே பெரிய நகரங்களுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புகிறார்கள். உறுப்பினர் அல்லாத சிறு விவசாயிகளிடமும் வாங்குகிறார்கள். ஆலை வாசலில் அதிகாலையில் நின்று பார்த்தேன். ஒருவர் லாரி நிறைய அசாயி கொண்டுவந்தார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மா மோட்டார் சைக்கிளில் இரண்டே சாக்கு. இருவருக்கும் ஒரே தராசு. அந்த இரண்டு சாக்குக்கு வாசல் திறக்கிற ஆலை இல்லாவிட்டால் அவர் கொல்லையில் அசாயி நின்று பயனில்லை.

அதனால் கலப்புத் தோட்டம் போட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: கன்று வாங்கும் முன் உறைபதனப் பெட்டிக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். மரம் எட்டு வருஷம் காத்திருக்கும், பழம் எட்டு மணி நேரம் காத்திருக்காது.

பெரியவர் ஒரு நோட்டில் மாதவாரியாக வரவு எழுதிவைத்திருந்தார். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை மிளகு, கூடவே அசாயி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை குப்புவசு. வருஷத்தின் நடுவில் கோகோ. எந்தப் பக்கமும் வெறுமையாக இல்லை. தொகைகள் சிறியவைதான், ஆனால் கடன் வாங்க வேண்டிய மாதம் என்று ஒன்று அதில் கிடையாது. எங்கள் வீட்டில் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்காக, காயாக இருக்கும்போதே மிளகை விலை பேசிவிடுவோம். அது நினைவுக்கு வந்தது.

அசாயி பறிப்பதைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். பதினேழு பதினெட்டு வயதுப் பையன், சாக்கை முறுக்கி ஒரு வளையம் செய்தான். இரண்டு பாதத்தையும் அதற்குள் நுழைத்து, மரத்தை அணைத்துக்கொண்டு தவளை போல் எம்பி எம்பி ஏறினான். அந்த வளையத்துக்கு 'பெக்கோன்யா' என்று பேர். நம் பனையேறிகளின் தளைநாரேதான். இருபதடி உயரத்தில் கத்தியால் குலையை அறுத்து, ஒரு கையில் பிடித்தபடி சறுக்கி இறங்கினான். குலையில் கறுத்த சின்னச் சின்ன உருண்டைகள், நாவல் பழத்தை விடச் சிறியவை, மேலே சாம்பல் பூத்திருந்தன. அதில் சதை மெல்லிய தோல் அளவுதான், மிச்சமெல்லாம் கொட்டை. வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தால் ஊதாக் கூழ் கிடைக்கும். வெளிநாட்டில் அதைச் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள். பாராவில் இனிப்பே இல்லாமல், மரவள்ளி மாவு தூவி, பொரித்த மீனோடு சாப்பிடுவார்கள். முதல் வாய் மண்வாசனை அடித்தது. பத்தாம் நாளிலிருந்து அது இல்லாமல் எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி என் தவறு. அங்கே என் வேலை மிளகு பார்த்து வாங்குவது. லிட்டர் எடை, ஈரப்பதம், பொக்கு, தூசி எல்லாம் பார்த்தேன். லிட்டருக்கு 550 கிராமுக்கு மேல் கனத்த நல்ல சரக்கு. ஐரோப்பாவுக்குப் போன ஒரு லோடு துறைமுகத்திலேயே நின்றது. சால்மொனெல்லா. பிரேசில் மிளகை அந்தக் கிருமிக்காக ஐரோப்பியர் தனியாகச் சோதிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், எங்கே காய்ந்தது என்று போய்ப் பார்க்கவில்லை. பிறகு போனேன். சாலையோரம் தரையில் தார்ப்பாய். அதன் மேல் மிளகு, மிளகின் மேல் கோழிகள், ஓரத்தில் நாய் படுத்திருந்தது. அந்த விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஈரமான ஊரில் இரண்டு மணி நேர வெயிலுக்காகத் தவம் கிடக்கிறார். மழை வந்தால் வாரிச் சுருட்டத் தார்ப்பாய்தான் வசதி. விலை பேசப் போன நான்தான் களத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் மூன்று விஷயத்தில் நான் பிடிவாதம். சரத்திலிருந்து உதிர்த்த மிளகைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துவிட்டுக் காயப்போட வேண்டும். கிருமி குறையும், நிறமும் ஒரே மாதிரி கறுக்கும். காய்கிற இடம் தரையிலிருந்து இடுப்புயரம் உயர்ந்த மேடையாக, மேலே பிளாஸ்டிக் கூரையோடு இருக்க வேண்டும். விறகுப் புகை நேராக மிளகில் படும் உலர்த்தி கூடாது, அந்தப் புகையின் மிச்சத்தையும் இப்போது சோதிக்கிறார்கள். மேடை போட்டுக் காயவைத்தவருக்குக் கூடுதல் விலை வாங்கிக்கொடுத்தேன். அவருடைய அண்டை வீட்டுக்காரர் அடுத்த வாரமே மூங்கில் வெட்ட ஆரம்பித்தார். நான் மணிக்கணக்கில் பேசிய பேச்சு செய்யாததை அந்தக் கூடுதல் விலை செய்தது.

ஊரில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். குவாத்ரு போகஸை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. 2010ஐ ஒட்டி அரசு ஊக்கத்தோடு வேகமாகப் பரவியது. ஒப்பந்தம் போட்ட சிறு விவசாயிகளிடம் கேட்டால், 'மாதாமாதம் பணம் வருகிறது' என்கிறார்கள். அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பழங்குடியினரும் கிலோம்போலா மக்களும் நிலத்துக்காகவும் ஓடை நீருக்காகவும் அந்தத் தோட்டங்களோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இன்னொரு பயமும் இருக்கிறது. பெலெம் அருகே ஒரு பெரிய எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை 1980களில் குருத்து மஞ்சளாகிச் சாகும் ஒரு நோய் அழித்தது. ஒரே பயிரை நம்பி ஒருமுறை எல்லாம் இழந்த மண் அது. பெரியவர் எண்ணெய்ப்பனைப் பக்கம் வண்டி போகும்போது வெளியே பார்க்கவே மாட்டார்.

கோகோ விஷயத்தில் ஊருக்கு நல்ல காலம். 2011 முதல் மெய்ஜி என்ற ஜப்பானிய நிறுவனம் இந்தத் தோட்டங்களின் கோகோவில் 'வேளாண்காட்டு சாக்லேட்' என்றே பெயரிட்டு விற்கிறது. 2019இல் தொமெ-அசு கோகோவுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முதல் கப்பலில் வந்தவர்களைக் கைவிட்ட அதே கோகோ.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாள் முன் போட்டு, சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே பிடித்துத் தனிமைப்படுத்தி வைப்பார்கள். போர்ச்சுகீசியம் கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போங்கள், உள்ளூரில் ஆங்கிலம் நடக்காது. பிப்ரவரி, மார்ச்சில் உள்சாலைகளில் போவதாக இருந்தால் கூடவே கயிறும் ஒரு நாள் சாப்பாடும் வேண்டும். செம்மண் சேறில் ஒரு ராத்திரி முழுக்க வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலத்தில் வெளியே வேலை இல்லாத நாட்களில், பெரியவரின் மனைவியோடு உட்கார்ந்து குப்புவசு சுத்தம் செய்வேன். கோகோவின் தங்கை மாதிரி ஒரு பழம். ஓடு தேங்காய் போல் கெட்டி, உள்ளே வெள்ளைச் சதை கொட்டையை விடாமல் பிடித்திருக்கும். கத்தியால் வராது, பிசைந்தாலும் வராது. கத்தரிக்கோலால்தான் கொட்டை கொட்டையாக வெட்டி எடுக்க வேண்டும். அந்த அம்மாவின் கட்டைவிரலில் கத்தரிக்கோல் பதிந்து பதிந்து ஒரு தழும்பு. வீடு முழுக்க அன்னாசியும் சாக்லேட்டும் கலந்த மாதிரி மணக்கும். என்னை 'மெவ் ஃபில்யு' என்றுதான் கூப்பிடுவார், என் மகனே என்று.

கிளம்பும் அன்று அவர் ஒரு துணியில் குப்புவசுக் கொட்டைகளையும் ஒரு மிளகுத் துண்டையும் சுற்றிக் கொடுத்தார். 'உங்கள் ஊரில் நடு' என்றார். வாங்க மறுத்தேன். அனுமதி இல்லாமல் விதையோ தண்டோ கொண்டுவருவது சட்டப்படி குற்றம். அதைவிட, அந்தத் தண்டுக்குள் ஃபியுசேரியம் இருந்தால் எங்கள் மலை என்ன ஆகும்? 'அம்மா, அந்த நோய் எங்கள் ஊருக்கு வரக் கூடாது' என்றேன். பெரியவர் அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா துணியைப் பிரித்துக் கொட்டைகளைத் திரும்பக் கூடையில் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தன் கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது அது எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. என் அம்மா அதில்தான் பலாச்சுளை நறுக்குகிறாள். பக்கத்து ஐந்து குடும்பங்களோடு சேர்ந்து பழைய உறைபதனப் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். போன பருவத்தில் வேலியோரம் அழுகிப்போயிருக்க வேண்டிய பாஷன் ஃப்ரூட்டைக் கூழாக்கி, வத்தலக்குண்டில் ஒரு ஜூஸ் கடைக்குக் கொடுத்தோம். இந்த வருஷம் பலாவையும் சேர்த்திருக்கிறோம்.